பாப்பாவின் நோட்டில் கடைசி நான்கு பக்கங்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை நாமக்கல்லிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தபோது "எல்லாம் தலையெழுத்து" என்று பல தடவை சொன்னீர்கள். நீட்டில் இரண்டாவது முறையும் மார்க் போதவில்லை, ஜோசியர் சொன்ன டாக்டர் யோகம் என்னாயிற்று, மறுபடியும் கோச்சிங் சேர்க்கவா என்று கேட்டீர்கள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விதி இல்லை என்று வாதாட மாட்டேன். எந்த வீட்டில் பிறந்தோம், அந்த வருஷம் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், கட்-ஆஃப் எங்கே போய் நின்றது, இதில் எதுவும் அவள் கையில் இல்லை. இதை விதி என்றால் சரி. ஆனால் 720-க்கு வந்த மார்க்கைப் பார்த்துவிட்டு "இவ வாழ்க்கை இவ்வளவுதான்" என்று நீங்கள் சொன்னீர்களே, அதையும் விதியின் கணக்கில் எழுதாதீர்கள். அப்போது குனிந்த தலையை அவள் ரொம்ப நேரம் நிமிர்த்தவில்லை.

நீங்கள் போன் பேச வெளியே போனபோது அவளுடைய விலங்கியல் நோட்டைப் புரட்டினேன். கடைசி நான்கு பக்கங்களில் பாடம் இல்லை. உங்கள் வீட்டு ஆடுகளின் பெயர், குட்டி போட்ட நாள், குடற்புழு மருந்து கொடுத்த நாள். ஓரிடத்தில், "கறுப்பி ரெண்டு நாளா தீனி எடுக்கல. இன்னைக்குச் சாயங்காலம் கழிச்சல் நின்னுடுச்சு." யார் எழுதச் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லலைங்க, மறந்துருவேன்னு எழுதி வெச்சேன்" என்றாள். அன்றைக்கு அவள் என் முகம் பார்த்துப் பேசியது அப்போது மட்டும்தான்.

எனக்கு ஜாதகக் கட்டத்தைவிட அந்த நான்கு பக்கங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. மார்க்குக்காகப் படிக்க வேண்டிய நேரத்தில், யாரும் கேட்காமல் செய்த வேலை அது.

உங்கள் ஊரிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருஷப் படிப்பு. தமிழக ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான்: உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களை நீட் மார்க்கை வைத்து நிரப்புகிறார்கள், அதற்கும் விண்ணப்பிக்கலாம். இங்கும் போட்டி கடுமைதான், கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வயது வரம்பை இந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து "எம்பிபிஎஸ் கிடைக்காததால் மாட்டு டாக்டர்" என்று மட்டும் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவளை வருஷக்கணக்கில் துரத்தும்.

இதுதான் அவள் வழி என்று நானும் முடிவு கட்டவில்லை. அப்படிச் செய்தால் ஜோசியர் செய்ததைத்தான் நானும் செய்ததாகும். விண்ணப்பம் போடுவதற்கு முன், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு இரண்டு மூன்று நாள் காலையில் அவளை அங்கே இருக்க விடுங்கள். சினை ஊசி போடுவதையும், சீழ் வடியும் புண்ணைக் கழுவுவதையும், காப்பாற்ற முடியாத கன்றையும் பார்க்கட்டும். வேண்டாம் என்று வந்தால் திட்டாதீர்கள், வேறு படிப்புகளைப் பார்ப்போம். மறுபடி நீட் எழுதுகிறேன் என்று அவளே கேட்டால் அதையும் பேசுவோம்.

அப்புறம் இரண்டு பேரும் வாங்க. அன்றைக்கு முதலில் பாப்பா பேசட்டும்.