‘எல்லாரும் பாவிகள்’ என்று அறிக்கையிடும் கிறிஸ்தவர்கள் மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பது ஏன்?

இப்படி ஒரு கேள்வியைப் பொழுதுபோக்காக யாரும் கேட்பதில்லை. உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ சபையார் யாரேனும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்க வேண்டும். பேசியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழங்காற்படியிட்டுக் கண்ணை மூடிப் பாவ அறிக்கை சொன்னதையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்பதால், உங்களுக்கும் அப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

‘எல்லாரும் பாவிகள்’ என்று சொல்வதற்கு யாருக்கும் எந்தச் செலவும் இல்லை என்பதே என் பதில். ‘எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி’ என்று வேதாகமத்தின் ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதியது உண்மைதான். ஆனால் அதை ஊரோடு சேர்ந்து சொல்லும்போது என் பாவம் என்னவென்று நான் ஒருபோதும் சொல்ல வேண்டியதில்லை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம், செய்யத் தகாதவற்றைச் செய்தோம் என்று 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் வழியாக எங்களிடம் வந்த அறிக்கையைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகச் சொல்வேன். அந்த ஜெபத்தில் குறை எதுவும் இல்லை. நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது அதற்குள் ஒருவர் சுகமாக ஒளிந்துகொள்ளலாம் என்பதுதான் சிக்கல்.

கன்வென்ஷன் எனப்படும் நற்செய்திக் கூட்டங்களின் மேடைகளில், தாங்கள் மனம் திரும்பியதைப் பற்றிச் சொல்லப்படும் சாட்சிகளிலும் இதே சிக்கல் உண்டு. குடித்தேன், சீட்டாடினேன், வீட்டில் அடித்தேன் என்று ஒருவர் கண்ணீரோடு சொல்வார். ஆனால் அவையெல்லாம் இரட்சிக்கப்படுவதற்கு முந்தைய பாவங்களாகவே இருக்கும். போன வாரம் மருமகளைப் பற்றி அடுத்த வீட்டில் இல்லாததைச் சொன்னேன் என்று எவரும் மேடையேறிச் சொல்லி நான் கேட்டதில்லை. பவுலோ, சபைகளை நாட்டி, சிறையிருந்து, முதிர்ந்த ஊழியராகத் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ‘அவர்களில் பிரதான பாவி நான்’ என்கிறார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. எங்கள் ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே உள்ளது. திருமணமாகிப் போயிருந்த என் அக்கா, ஒருநாள் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டார். அத்தான் குடித்துவிட்டு அடித்தார் என்பதே காரணம். அதை வெளியே சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு என்று அப்பா நினைத்ததால், நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஊரார் தாங்களாகவே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அக்காவுக்கு வேறொருவரோடு பழக்கம் என்று பேச்சு கிளம்பியது. சிறுவயது முதல் பாடகர் குழுவில் பாடியவர் அவர். சபைக் கமிட்டியார் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து முடித்த பிறகு அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது இது: “நாங்க ஒண்ணும் தீர்ப்புச் சொல்லல அண்ணாச்சி. நாம எல்லாரும் பாவிகள்தான். ஆனா சபைக்குச் சாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா? பாப்பா கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம்.” தாழ்மையான அந்த முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியத்துக்குப் பாதை போட வந்தவை என்பது, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கே விளங்கியது.

அந்த ஆண்டு, சபையார் எல்லாரும் கூடி விருந்துண்ணும் அசன பண்டிகைக்கு முந்தைய இரவு, வழக்கம்போல் ஆலயத்தின் பின்புறத்துப் பந்தலில் பெண்கள் அரிவாள்மணைகளோடு அமர்ந்து கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வராமலிருந்தால் பேச்சு உறுதியாகிவிடும் என்று அம்மா வற்புறுத்தியதால் அக்காவும் போயிருந்தார். அவர் உட்கார்ந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. அப்படிச் செய்வது முகத்தில் அடித்ததுபோல் இருக்கும் அல்லவா? வெளிச்சம் போதவில்லை என்றும் புகை வருகிறது என்றும் சொல்லி ஒவ்வொருவராக அரிவாள்மணையைச் சற்றே நகர்த்திக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் அக்காவும் ஒரு சாக்குக் கத்தரிக்காயும் மட்டும் பந்தலின் ஓரத்தில் மீந்தார்கள். நான் தண்ணீர் சுமந்துகொண்டு அந்தப் பக்கமாகவே வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

அப்போது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஊரே அவர் நாவுக்குப் பயந்த ஒரு பெண்மணி, தம் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் எண்ணினேன். அவரோ, குரலை ஏற்றாமலும் இறக்காமலும், “ஒன்னப் பத்தி மொதல்ல பேசினது நான்தாம் பிள்ளே” என்றார். ஜெபக்கூட்டம் முடிந்து யார் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொன்னார், கேட்டவர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன நடந்தது என்று தமக்குத் தெரியாது என்றும், தெரியாமலேயே தெரிந்ததுபோல் சொன்னதாகவும், நாளை பண்டிகை முடிந்ததும் அந்த வீடுகளுக்கெல்லாம் போய் அது தாமே இட்டுக்கட்டியது என்று சொல்லப்போவதாகவும் சொன்னார். நாமெல்லாரும் பாவிகள்தானே என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை; கேட்டால் அக்கா உடனே கொடுத்தாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா பதில் பேசாமல், இருவருக்கும் நடுவில் இருந்த சாக்கை அவர் கைக்கு எட்டும்படி தள்ளிவைத்தார்.

சொன்னபடியே டீச்சர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், இப்போது இதைச் சொல்ல அவர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும், அவர் வாயை நம்பலாமா என்று கேட்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. தம்மைப் பற்றிய உண்மையைச் சொன்னதற்கு அவர் கொடுத்த விலை அது. என் கணக்கில், பிறரைக் குற்றவாளிகளென்று தீர்க்காமல் தன் பாவத்தைப் பார்ப்பது என்பது இதுதான்: எந்தப் பாவம், யாருக்கு விரோதமாக என்று சொல்ல முடிவது, அதைச் சொல்வதால் கையை விட்டு எதையாவது இழப்பது.

புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக, ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்’ என்ற குறளை (190) வள்ளுவர் வைத்திருப்பதை டீச்சரை நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன். அடுத்தவர் குற்றத்தைப் பார்க்கும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்கச் சொல்லும் அந்தக் குறள் புறம்பேச்சைப் பற்றிய அதிகாரத்தில் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

தன் பாவத்தை மறைத்துவைத்திருப்பவர் பிறரிடம் ஏன் இத்தனை கடுமையாக இருக்கிறார் என்பதற்கு வேதத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். தாவீது ராஜா, தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்து, குழந்தையும் பிறந்த பிறகுதான் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். இடையில் மாதங்கள் கழிந்திருக்கின்றன. ராஜா தன் பாவத்தைப் பற்றி வாய் திறந்ததாக ஒரு வரி கிடையாது. ஆனால் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த ஐசுவரியவானின் கதையைக் கேட்டதும் கோபம் பொங்குகிறது. நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்த வேண்டும் என்கிறார்; யாத்திராகமம் 22இன்படி ஆட்டுத் திருட்டுக்கு உரிய தண்டனை அதுதான். அதோடு நிற்காமல், அந்த மனிதன் மரணத்துக்குப் பாத்திரன் என்றும் சொல்கிறார். ஆடு திருடியவனைக் கொல்லும்படி நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், எங்கும் சொல்லவில்லை. உள்ளே புதைத்துவைத்தது வேறொருவன் தலையில் கூடுதல் தண்டனையாக இறங்குகிறது. ‘நீயே அந்த மனுஷன்’ என்று நாத்தான் சொன்ன பிறகே தாவீது, ‘நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்’ என்கிறார். எங்கள் ஊரில் அக்காவைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர்களின் வீடுகளில் என்னென்ன புதைந்திருந்தன என்று எனக்குத் தெரியும். அவற்றை இங்கே எழுதினால் நானும் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள், பிறர் பாவத்துக்கு முன் தம் பாவத்தைப் பார்ப்பது எப்படி என்று செய்தே காட்டினார்கள். ஸ்கேத்திஸ் என்ற இடத்தில் ஒரு சகோதரன் தவறு செய்துவிட, அவனை விசாரிக்கக் கூடியவர்கள் மூப்பர் மோசேயையும் அழைத்தார்கள். முன்னாளில் கொள்ளைக்காரராக இருந்தவர் அவர். ஓட்டைக் குடத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தார். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, அவற்றை நான் காண்பதில்லை, இன்னொருவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். பெசாரியோன் என்ற மற்றொரு துறவி செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். பாவம் செய்த ஒருவனைக் குருவானவர் ஆலயத்திலிருந்து வெளியேற்றியபோது, பெசாரியோனும் எழுந்து, நானும் பாவிதான் என்று சொல்லிவிட்டு அவனோடு வெளியே நடந்தார். எங்கள் கமிட்டியார் சொன்ன அதே வாக்கியம்தான். சொன்னவர் எந்தப் பக்கம் நடந்தார் என்பதில்தான் வேறுபாடு.

இவன் எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளச் சொல்கிறான், சபை ஒழுங்கே வேண்டாம் என்கிறான் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்தேயு ஏழாம் அதிகாரத்தை ஐந்தாம் வசனம்வரை வாசியுங்கள்: முதலில் உன் கண்ணின் உத்திரத்தை (பெரிய மரக்கட்டையை) எடு, பின்பு சகோதரன் கண்ணின் துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார் இயேசு. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. குற்றம் செய்தவனிடம் தனியாகப் போய்ப் பேசும் முறை பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்தவனையோ மனைவியை அடிக்கிறவனையோ காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்கு நான் முதலில் பாவமற்றவனாக வேண்டியதில்லை.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. எங்கள் பக்கத்தில், கட்டட நிதிக் கணக்கைக் கேட்டவர்களுக்கு, ‘குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்ற வசனத்தையே பதிலாக வாசித்துக் காட்டினார்கள். பாட வேண்டாம் என்று ஒரு பெண்ணை நிறுத்தும்போது அவர்களுக்கு அந்த வசனம் நினைவுக்கு வரவில்லை. பதவியில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும்போது அது தாழ்மையின் வசனமாக இருப்பதில்லை. என்னைக் கேட்டால், அதை நான் எனக்கு மட்டுமே சொல்லிக்கொள்ள முடியும். என் கணக்கைக் கேட்கிறவனை நோக்கிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

அக்கா இப்போதும் அதே ஆலயத்துக்குத்தான் போகிறார். உண்மை தெரியவந்த பிறகு பாடகர் குழுவுக்கு மறுபடியும் அழைத்தார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீச்சர் உட்காரும் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். மன்னிக்கத் தெரியாதவள், கிறிஸ்தவப் பெண்ணுக்கு இவ்வளவு வைராக்கியம் ஆகாது என்று சிலர் இப்போது அதையும் பேசுகிறார்கள்.