மகள் நாவல் எழுதப் போகிறாளாம்

அம்மா, அன்றைக்குக் கிளம்பும்போது பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாசலில் நின்றபடி, அவளுடைய நாவல் ஆசையைப் பற்றி மெதுவாகக் கேட்டீர்களே, "இதுக்கு ஏதாவது கோர்ஸ் இருக்கா சார், இல்ல இது வியாதியா?" என்று. பின்னால் இரண்டு பேர் காத்திருந்ததால் சிரித்து அனுப்பிவிட்டேன். கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) பஸ் ஏறிப் புதுச்சேரி வரை வந்தவரைச் சிரித்தே அனுப்பியது உறுத்துகிறது. அதனால் இந்தக் கடிதம்.

முடித்தவுடன் நாவலாசிரியராக வெளியே வரும் கோர்ஸ் இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு சீட் வாங்கி டாக்டர் ஆவதுபோல ஒரு சீட் வாங்கி நாவலாசிரியர் ஆகிவிட முடியாது. வியாதியும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவிலும் மூன்று நோட்டு நிறைய எழுதியிருக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அதைக் குற்றமாகச் சொன்னார். எனக்கு அதுதான் நல்ல சேதியாகப் பட்டது. "எழுத்தாளர் ஆகணும் சார்" என்று வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள். நானே அந்த ஜாதிதான். இருபது வருஷமாக ஒரு நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். அதை விடுங்கள்.

முதலில் கணக்கு. உங்கள் வீட்டில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறீர்கள், கணக்கு சொன்னால் உடனே பிடிபடும். தமிழில் ஒரு நாவலுக்கு விலை 300 ரூபாய் என்று வையுங்கள். எழுதியவருக்கு ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 30,000. முன்பு ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள். இப்போது பல பதிப்பகங்கள் இருநூறு, முந்நூறு என்று அச்சடித்து, தீரத் தீரத் திரும்பப் போடுகின்றன. ஆக, இரண்டு வருஷம் எழுதிய நாவலுக்கு இரண்டு மாசச் சம்பளம் அளவுக்கு வந்தாலே நல்ல விற்பனை. சாகித்திய அகாதெமி விருது 1 லட்சம் ரூபாய், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார் 50,000. இவை வந்தால் சந்தோஷம், ஆனால் இவற்றை நம்பி வீட்டு வாடகை பேச முடியாது.

பாப்பா என்னிடம் இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். "ஜெயகாந்தன் நம்ம கடலூர் மஞ்சக்குப்பம்தானே சார், அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாரு, ஞானபீடம் வாங்கலியா?" வாங்கினார், 2002ஆம் ஆண்டுக்கு. ஆனால் அவர் பள்ளிக்கூடத்தை விட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அச்சகத்தில் வேலை செய்து, புரூஃப் பார்த்து, கிடைத்த வேலையை எல்லாம் செய்தவர். அவருக்குக் கல்லூரி அதுதான். புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன் பத்திரிகைகளில் வேலை பார்த்தார், பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். அது எவ்வளவு சிரமமான வாழ்க்கை என்பதை அவரே மறைக்காமல் பேசியிருக்கிறார். அவர் எழுதிய மாதிரி எழுதலாம், வாழ்ந்த மாதிரி வாழத் தேவையில்லை என்று பாப்பாவிடம் சொன்னேன். முறைத்தாள்.

நான் உங்களுக்குக் காட்ட நினைக்கும் ஆட்கள் வேறு. உங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான். இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நாவல்கள் எழுதினார். 2020க்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்கு. விருத்தாசலம் பக்கத்து கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. பஸ்ஸுக்கு ஸ்பேனர் பிடித்த கையால் நாவல் எழுதியவர். அது மட்டுமா, நடுநாட்டு (கடலூர், விழுப்புரம் பக்கத்து) பேச்சுச் சொற்களைச் சேகரித்து ஓர் அகராதியே போட்டிருக்கிறார். வெளியே பார்த்தால் தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறையில். சம்பளம் ஒரு பக்கம், நாவல் ஒரு பக்கம். தமிழில் நாவல் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

அதனால் "நாவலாசிரியையா, இன்ஜினியரா" என்று வீட்டில் நடக்கும் சண்டையே வீண். என்னைக் கேட்டால் பேச வேண்டியது ஒன்றுதான்: காலையில் இரண்டு மணி நேரத்தை விட்டுவைக்கிற சம்பளம் எது? ராத்திரி ஷிப்ட், பதினாலு மணி நேர வேலை என்று போனால் எழுத்து முதலில் சாகும்.

ஏன் காலை என்றால், ஒரு கதை சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆண்டனி டிராலப் என்று ஒருவர், தபால் துறை அதிகாரி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதினார். மொத்தம் 47 நாவல். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே ஒரு பணியாளருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். எழுதி முடித்துவிட்டுத்தான் ஆபீஸ். பாப்பாவுக்கு அவ்வளவு வேண்டாம். தினம் 300 வார்த்தை போதும். 200 நாளில் 60,000 வார்த்தை, அது ஒரு நாவல். எழுப்பிக் காபி கொடுக்கும் உத்தியோகத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பவுண்டு கிடைக்காது.

இதையே பரீட்சையாக வைக்கலாம். ஆறு மாசம், நாள் தவறாமல், எவ்வளவு மோசமாக வந்தாலும் 300 வார்த்தை. நோட்டில் தேதி போட வேண்டும். நீங்கள் படிக்கக் கூடாது, தேதியை மட்டும் பார்க்கலாம். ஆறு மாசம் தாண்டினால் அந்தப் பெண் எழுதுகிறவள். மூன்றாம் வாரத்தில் நின்றுபோனால் எழுத்தாளர் என்ற பெயர் மீதுதான் ஆசை என்று அவளுக்கே தெரிந்துவிடும், நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

படிப்பு விஷயம். மதிப்பெண் நன்றாக இருக்கிறது, கணிப்பொறிதான் என்று அப்பா சொல்கிறார். அவளுக்கும் பிடித்தால் தாராளமாகப் படிக்கட்டும், இன்ஜினியர்கள் நாவல் எழுதாமலா இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலேயே தமிழோ வரலாறோ சேரலாம். வீட்டிலிருந்து போய்வரலாம், செலவு குறைவு. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளை எதிர்பார்க்காதீர்கள். அங்கே சென்டாக் என்ற அரசு சேர்க்கைக் குழு மூலம் சேர்க்கை, யூனியன் பிரதேசத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. முதுகலைக்குக் காலாப்பட்டில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அது நாடு முழுவதற்குமான நுழைவுத் தேர்வு வழி, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பி.ஏ.வோடு இரண்டு காரியம் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு, ஹையர் (முதுநிலை) வரை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு அது தகுதி. நாவல் அடிக்கவும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இன்னொன்று பிரெஞ்சு. இதை நான் அழுத்தியே சொல்வேன். புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பிரெஞ்சு கற்காமல் விடுவது அநியாயம். பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் படிப்படியாகச் சான்றிதழ் வாங்கலாம். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் குறைவு. பள்ளியில் பிரெஞ்சு சொல்லித் தரலாம், மொழிபெயர்க்கலாம். இன்னொருவர் நாவலை வரி வரியாகத் தமிழில் கொண்டுவரும்போது கிடைக்கிற பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

போனில் வரும் தொடர்கதைகளை மட்டும்தான் படிக்கிறாள் என்பது எனக்கு ஒரு குறை. அதைத் திட்ட வேண்டாம், கூட வேறு சோறும் போடுங்கள். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலான் நூலகம் இங்கே இருக்கிறது, ஒரு நாள் கூட்டி வாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவைத்த நாட்குறிப்பை எடுத்துக் கொடுங்கள். அதிலிருந்துதான் பிரபஞ்சன் தன் சரித்திர நாவல்களைக் கட்டினார். கற்பனைக்கு அடியில் எவ்வளவு படிப்பு கிடக்கிறது என்று பாப்பாவுக்குப் புரியும். அப்புறம், சனி ஞாயிறுகளில் அப்பாவோடு கடையில் உட்காரட்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கே திசைக்கொரு பெயர் சொல்லும் ஆட்கள் உங்கள் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் பேச்சை அவள் எழுதாமல் யார் எழுதுவது?

அவசரமும் வேண்டாம். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காத விவசாயி. சிறுகதையோடு வெளியே தெரிய வந்தபோது வயது முப்பத்தைந்து வாக்கில். பிறகு இதே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றியலுக்கு (நாட்டுப்புறக் கதை, பாட்டு, வழக்கங்கள் பற்றிய படிப்பு) பேராசிரியராக அழைத்தது.

ஒரு எச்சரிக்கை. "நாவலை நாங்கள் போடுகிறோம், நாற்பதாயிரம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் என்னைக் கேட்காமல் கட்டாதீர்கள். பத்து வருஷம் முன்பு நானே ஒரு சிறு புத்தகத்துக்கு அப்படிக் கட்டினேன், கட்டுக் கட்டாகப் பரணில் கிடக்கிறது. பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்க, இறந்தபின் 60 வருஷம். அதை ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. எத்தனை பிரதி, மின்னூல் யாருக்கு, சினிமா உரிமை யாருக்கு என்று தனித்தனியாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு அரசுக் கல்லூரி விண்ணப்பம்தான் அவசரம். ஆன்லைனில் கடைசித் தேதி பார்த்துப் போட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறேன் என்றாரே, அந்த மூன்று நோட்டையும் எடுத்து உங்கள் புடவை பீரோவில் வையுங்கள்.