தியரி வகுப்பும் லேபும்: மாணவர் கேள்விகள்

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் அல்காரிதம் எத்தனை படிகள் எடுக்கும் என்று நிறுவுகிறார்கள். லேபில் ப்ரோக்ராம் ஓடினால் மதிப்பெண். இரண்டையும் எப்படி இணைப்பது?

பதில்: ப்ரோக்ராமை ஓட்டுவதற்கு முன்பே, எத்தனை படிகள் எடுக்கும் என்று தியரி சொல்லும் விடையை நோட்டில் எழுதிவிடுங்கள். அளந்த எண் அதோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடம் புரியத் தொடங்கும்.

எண்களை வரிசைப்படுத்தும் இரண்டு முறைகளை எடுத்துக்கொள்வோம்: ஒவ்வோர் எண்ணாக உரிய இடத்தில் செருகும் இன்செர்ஷன் சார்ட், பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசையாக இணைக்கும் மெர்ஜ் சார்ட். தாறுமாறாகக் கலைந்த 10,000 எண்களுக்கு முன்னது சுமார் 2.5 கோடி ஒப்பீடுகள் செய்யும். பின்னதற்குச் சுமார் 1.2 லட்சம் போதும். 1,000, 2,000, 4,000, 8,000 என்று இரட்டித்துக்கொண்டே போனால் முன்னதன் நேரம் ஒவ்வொரு முறையும் நான்கு மடங்காகும். பின்னதன் நேரம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும்.

பலருக்கு இப்படி வருவதில்லை. அளக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் பிழை. சிறிய பட்டியலுக்கு நேரம் பூஜ்யம் என்று காட்டினால், கடிகாரத்தின் நுணுக்கம் போதவில்லை என்று பொருள். 1,000 முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கலைந்த பட்டியலின் புதிய நகலைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் சுற்றில் ஏற்கெனவே வரிசையான பட்டியல் போகும். இன்செர்ஷன் சார்ட் அதை ஒரே நடையில் முடித்துவிடும். லூப்புக்குள் பிரிண்ட் வைத்தால் நீங்கள் அளப்பது திரையின் வேகத்தை.

எல்லாம் சரியாக இருந்தும், இருபது முப்பது எண்களுக்கு இன்செர்ஷன் சார்ட் முந்தக்கூடும். கணக்கில் தவறில்லை. பட்டியலைப் பிரிப்பது, துணை அரேயில் நகலெடுப்பது போன்ற செலவுகளை நாம் ஒப்பீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. புழக்கத்தில் உள்ள பல சார்ட் நூலகங்கள் சிறு துண்டுகளுக்கு இன்செர்ஷன் சார்ட்டுக்கு மாறிக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: ஆட்டோமேட்டா (கற்பனைக் கணிப்பொறிகளின் கணிதம்) பாடத்தால் கோடிங்குக்கு என்ன பயன்?

பதில்: எது முடியாது என்று முன்கூட்டியே தெரியும். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய அடைப்புக்குறிகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்க்க, பாடத்தில் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துத் தொடர்களின் அமைப்பைச் சொல்லும் குறியீடு) இயலாது. அதற்கு இணையான இயந்திரத்தின் வரம்புள்ள நிலைகளை வைத்துக்கொண்டு வரம்பில்லாத ஆழத்தை எண்ண முடியாது. கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஒரு ஸ்டாக் வைத்தால் சில வரிகளில் முடியும்.

கேள்வி: ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் இரண்டு த்ரெட்கள் (ஒரே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே எண்ணியை ஆளுக்கு 10 லட்சம் முறை ஒன்று கூட்டின. 20 லட்சம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு எண். ஏன்?

பதில்: 'ஒன்று கூட்டு' என்பது உள்ளே மூன்று வேலை: படித்தல், கூட்டல், திரும்ப எழுதுதல். இரண்டு த்ரெட்களும் 57 என்று படித்துவிட்டால் இரண்டும் 58 என்றே எழுதும். ஒரு கூட்டல் தொலைந்தது.

இதே ப்ரோக்ராமை 100 முறைக்குக் குறைத்தால் சரியாக 200 வரக்கூடும், ஏனென்றால் இரண்டாவது த்ரெட் தொடங்கும் முன்பே முதலாவது முடிந்திருக்கும். கம்பைலரின் ஆப்டிமைசேஷனை (ப்ரோக்ராமை வேகமாக்கச் செய்யும் மாற்றங்களை) கூட்டினாலும் பிழை மறையலாம். லூப் முழுவதையும் அது ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடும். ஆகவே சரியான விடை வந்ததை வைத்து ப்ரோக்ராம் சரி என்று ரெக்கார்டு நோட்டில் எழுதாதீர்கள். எந்த வரிசையில் ஓடினாலும் பிழை வராது என்று வாதிட்டுக் காட்ட வேண்டும்; அதற்குத்தான் தியரி.

கூட்டும் வரியை, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் மியூடெக்ஸ் பூட்டுக்குள் வையுங்கள். லூப் முழுவதையும் பூட்டினாலும் 20 லட்சம் வரும். ஆனால் ஒரு த்ரெட் முடிந்த பிறகே மற்றது ஓடும்.