எல்.கே.ஜி. ஃபீஸுக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் திருச்சி, வயசு 43, தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, கைக்கு 62 ஆயிரம் வருது. வீட்டுக்காரர் சம்பளம் ஹவுசிங் லோனுக்கும் வீட்டுச் செலவுக்குமே சரியா போயிடும். பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கா, பையனுக்கு 4 வயசு. ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல எல்.கே.ஜி.க்கு டொனேஷனோட 4 லட்சம் கேக்குறாங்க, அஞ்சு வயசுக்குள்ளதான் மூளை வளரும் இப்ப விட்டா போச்சுங்கிறாங்க. என் பி.எஃப்ல 11 லட்சம் இருக்கு, அதுல எடுத்துக் கட்டிடலாமா? இன்னொண்ணு, எங்கப்பாவுக்கு 72, எங்ககூடதான் இருக்கார். அவரோட ரிட்டயர்மெண்ட் பணம் 20 லட்சம் எஃப்.டி.ல இருந்துச்சு. போன வாரம் பேங்குக்குப் போனவர்கிட்ட, பேரன் படிப்புக்கு ஆகும்னு சொல்லி வருஷம் 2 லட்சம் கட்டுற பாலிசில கையெழுத்து வாங்கிட்டாங்க. கேட்டா என் பணம் எனக்குத் தெரியும்னு கோவப்படுறார்.

பதில்: ஸ்கூல் விஷயம் இருக்கட்டும், முதல்ல அப்பா பாலிசியப் பாருங்க, அங்கதான் நாள் ஓடிட்டு இருக்கு. பாலிசி டாக்குமெண்ட் கைக்கு வந்த நாள்லேருந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, கொஞ்சம் ஸ்டாம்ப் செலவு, இன்சூரன்ஸ் ஓடின நாளுக்கான சின்னத் தொகை, மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருந்தா அந்தச் செலவு, இதெல்லாம் போக மீதிப் பணம் திரும்ப வந்துடும். ஃப்ரீ லுக்னு கேளுங்க. கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கே மெயிலும் பண்ணிடுங்க, பேங்க் பிராஞ்சுல "பாத்துக்கலாம் மேடம்"னு சொல்லியே 30 நாளையும் ஓட்டிடுவாங்க. இழுத்தடிச்சா இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசா போர்ட்டல்ல புகார் போடலாம்.

ஆனா கையெழுத்து அவர்தான் போடணும், அதுக்கு அவர் மனசு வரணும். 72 வயசு மனுஷன்கிட்ட போய் உங்களுக்கு விவரம் பத்தலைன்னு ஆரம்பிச்சீங்கன்னா கதை முடிஞ்சுது. வயசானா பணக் கணக்குல சறுக்குறது அவர் ஒருத்தர் குறையும் இல்ல. சுமித் அகர்வால், டேவிட் லைப்சன் உட்பட நாலு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவுல கிரெடிட் கார்டு, வீட்டை வெச்சு வாங்குற லோன் இதையெல்லாம் அலசி 2009ல ஒரு பேப்பர் போட்டாங்க. சின்ன வயசுக்காரங்களும் வயசானவங்களும் அதிக வட்டி, தேவையில்லாத சார்ஜ்னு ஏமாந்திருக்காங்க, தப்பு கம்மியா பண்ணது சுமார் 53 வயசுல. அனுபவம் ஏறிட்டே போகும், புதுசா ஒண்ணப் புரிஞ்சுக்குற வேகம் இறங்கிட்டே வரும், ரெண்டும் சேர்ந்து நல்லா நிக்கிற இடம் அந்த வயசு. எல்லாருக்கும் அப்படியேன்னு இல்ல, சராசரிதான். அப்பா எஃப்.டி.ய நல்லாவே புரிஞ்சு வெச்சிருப்பார், அது நாப்பது வருஷப் பழக்கம். யூலிப் (இன்சூரன்ஸும் மார்க்கெட் முதலீடும் கலந்த பாலிசி) மாதிரி ஒண்ண ஒரே உக்காருல புரிஞ்சுக்கோன்னா எனக்கே கஷ்டம், அவர் எப்படி பண்ணுவார்?

இன்னொண்ணும் பாருங்க, அவர் கையெழுத்துப் போட்டது தனக்காக இல்ல, பேரனுக்காக. அடுத்த தலைமுறைக்கு ஏதாவது செஞ்சு வெக்கணுங்கிற ஆசைய எரிக் எரிக்சன்ங்கிற உளவியல் அறிஞர் நடுவயசோட பெரிய வேலைன்னு சொன்னார், நம்ம வீடுகள்ல அது கடைசி வரைக்கும் விடாது, பாலிசி விக்கிறவங்களுக்கும் அது நல்லாவே தெரியும். அதனால அந்த ஆசைக்கு வேற வழி காட்டுங்க. எஃப்.டி. ஒவ்வொண்ணா மெச்சூர் ஆக ஆக சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீமுக்கு மாத்தச் சொல்லுங்க, இப்ப 8.2 சதவீதம், 30 லட்சம் வரைக்கும் போடலாம். 20 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 41 ஆயிரம் அவர் அக்கவுண்டுக்கே வரும். அதுலேருந்து பேரன் ஃபீஸுக்கு ஒரு பங்கை அவர் கையாலயே கட்டட்டும். முதலும் பத்திரமா இருக்கும், வீட்டுல அவர் பேச்சுக்கு ஒரு கனமும் இருக்கும்.

இப்ப எல்.கே.ஜி. முதல் அஞ்சு வருஷம் முக்கியங்கிறது பொய்யில்ல. பொருளாதாரத்துல நோபல் வாங்கின ஜேம்ஸ் ஹெக்மேன் இதைத்தான் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றார். ஆனா அவர் எதை வெச்சு சொல்றார்னு ஸ்கூல்காரங்க சொல்ல மாட்டாங்க. அறுபதுகள்ல மிச்சிகன்ல இப்சிலாண்டிங்கிற ஊர்ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு நடந்த திட்டம், வந்தது ஏழைக் குடும்பத்துக் குழந்தைங்க 58 பேர். காலைல கொஞ்ச நேரம் வகுப்பு, அப்புறம் வாராவாரம் டீச்சரே வீட்டுக்குப் போய் அம்மாவோடயும் குழந்தையோடயும் உக்காருவாங்க. ஏ.சி. கிளாஸும் ஸ்மார்ட் போர்டும் நீச்சல்குளமும் அங்க கிடையாது. பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசுறது, கேக்குற கேள்விக்குப் பதில் சொல்றது, சேர்ந்து விளையாடுறது, இதுதான் அந்த வயசுக்குத் தேவை. உங்க வீட்டுல தாத்தா வேற இருக்கார். ஸ்கூல் பார்க்கப் போனா ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்க, டீச்சருங்க வருஷாவருஷம் மாறுறாங்களான்னு கேளுங்க, பக்கத்துல நடந்து போற தூரத்துல சுமாரான ஃபீஸ்ல நல்ல ஸ்கூல் கிடைச்சா அதுவே போதும்.

4 லட்சத்தை இப்ப எடுத்தா என்ன ஆகும்? இப்ப இருக்குற 8.25 சதவீதம் அப்படியே நின்னா, உங்க 58வது வயசுல அது 13 லட்சத்துக்கு மேல ஆகியிருக்கும். அதோட 4 லட்சம் முதல் வருஷக் கணக்குதான், அடுத்த வருஷமும் அதே ஸ்கூல் ஃபீஸ் கேக்கும், அப்ப எதை எடுப்பீங்க? நீங்க 58 ஆகும்போது பையனுக்கு 19, காலேஜ்ல இருப்பான், நீங்க ரிட்டயர் ஆகிட்டிருப்பீங்க. லேட்டா பொறந்த பிள்ளை இருக்குற வீட்டுல எல்லாம் இந்த ரெண்டும் ஒரே நேரத்துல வந்து நிக்கும், பி.எஃப்ல கை வெக்கக் கூடாதுங்கிறதுக்கு எனக்கு இந்தக் காரணமே போதும்.

பொண்ணு பேர்ல சுகன்யா சம்ரிதி (செல்வமகள் சேமிப்புத் திட்டம்) இருந்தா, பத்தாவது முடிச்சதால மேல்படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம், ஆனா அட்மிஷன் லெட்டரோ ஃபீஸ் ரசீதோ காட்டணும், அதனால காலேஜுக்கு விட்டு வைங்க. அது தவிர, மாசம் ஒரு தொகைய அவ பேர்ல சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு டியூஷன் ஃபீஸ், பஸ் பாஸ், மொபைல் ரீசார்ஜ் எல்லாம் அவளே பாத்துக்கட்டும். முன்யோசனை பண்ற மூளைப்பகுதி முழுசா முதிர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆகும்ங்கிறாங்க, சொதப்புனா ஐந்நூறு ரூபாயோட போகட்டும்.

உங்க பேர்ல டேர்ம் இன்சூரன்ஸ் (நமக்கு ஏதாவது ஆனா மட்டும் குடும்பத்துக்குப் பணம் வர்ற பாலிசி) பத்தி ஒண்ணுமே எழுதலையே? கம்பெனி குரூப் பாலிசிய நம்பாம தனியா ஒரு கோடிக்கு 60 வயசு வரைக்கும் எடுங்க, வீட்டுக்காரருக்கும் லோன் தொகைக்குக் குறையாம ஒண்ணு. அப்பாவோட அக்கவுண்ட் எல்லாத்துலயும் நாமினி யாருன்னு இந்த வாரமே பாத்துடுங்க, பாலிசி டாக்குமெண்ட் வந்த தேதிய எனக்கு எழுதுங்க, ஃப்ரீ லுக் கடிதம் நான் டிராஃப்ட் பண்ணி அனுப்புறேன்.