வயலினைத் திரும்ப எடுத்தா ஏன் கீச்சுன்னு கேக்குது?

கேள்வி: ஸ்கூல் படிக்கும்போது 8 வருஷம் வயலின் கத்துக்கிட்டேன், அப்புறம் காலேஜ், வேலை, குழந்தைங்கன்னு 15 வருஷமா தொடவே இல்ல. இப்ப எடுத்து வாசிச்சா கீச்சு கீச்சுங்குது. விரல் தானா போகுது, ஆனா சுருதி சேர மாட்டேங்குது. மறுபடி முதல்ல இருந்தா, இல்ல விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. உங்கள நீங்களே திட்டிக்கறதுக்கு முன்னாடி வயலினப் பாருங்க, அத்தன வருஷம் பெட்டில கிடந்த கம்பில யார் வாசிச்சாலும் சத்தம் நல்லா வராது. நாலு கம்பியயும் மாத்திடுங்க, ஆனா ஒவ்வொண்ணா மாத்துங்க, ஏன்னா உள்ள சவுண்ட் போஸ்ட்னு ஒரு குச்சி பசை எதுவும் இல்லாம கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது, மொத்தமா கழட்டினா அது சாஞ்சிடலாம், அப்புறம் ரிப்பேர் பண்றவங்களத் தேடி ஓடணும். புதுக் கம்பிய முறுக்கும்போது பிரிட்ஜ் (கம்பியத் தாங்கற மரத்துண்டு) முன்னாடி சாயும், அப்பப்ப நிமிர்த்தி விடுங்க. வில்லுல இருக்கறது குதிரை முடி, பூச்சி அரிச்சு உதிர்ந்தா அதையும் மாத்தித்தான் ஆகணும்.

இப்ப உங்க விஷயம். விரல் தானா போகுதுன்னு சொல்றீங்கல்ல, அதுதான் பெரிய சொத்து, கை பழகின வேலை அவ்வளவு சீக்கிரம் அழியாது. பிரச்சினை என்னன்னா காது இன்னும் கூர்மையா இருக்கு, கை பின்தங்கிடுச்சு. வீணைல விரல் வைக்கற இடத்தக் காட்டற மெட்டு இருக்கற மாதிரி வயலின்ல கிடையாது, விரல் துளி நகர்ந்தாலும் சுருதி போயிடும், உங்க காது அத உடனே புடிச்சிடுது. சுருதி சேரலன்னு உங்களுக்கே தெரியறது நல்ல அறிகுறிதான்.

நிறைய பேர் பழைய ஞாபகத்துல நேரா கஷ்டமான உருப்படில கை வைப்பாங்க (கச்சேரியா பண்ணப் போறோம்!), ரெண்டே நாள்ல நொந்து பெட்டிய மூடிடுவாங்க. முதல்ல சுருதியப் போட்டுட்டு வெறும் கம்பில நீளமா வில் போடுங்க, சத்தம் இழையற வரைக்கும் அது போதும், அப்புறம் ஆரம்பப் பாடமான சரளி வரிசைய முதல் காலத்துல, அதாவது மெதுவான வேகத்துல மட்டும். தினமும் 15 நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழம மொத்தமா ரெண்டு மணி நேரம் உக்காந்தா கழுத்தும் தோளும்தான் புடிச்சுக்கும். விரல் நுனி எரியும், அது சகஜம், ஆனா மணிக்கட்டோ தோளோ வலிச்சா அன்னிக்கு நிறுத்திடுங்க.

ஒரு சில கிளாஸாவது போங்க, வில் புடிக்கறதுல வந்த கோளாறு நமக்கே தெரியாது. போகும்போது எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லாதீங்க, தெரிஞ்சத வாசிச்சுக் காட்டுங்க, எங்க இருந்து தொடங்கணும்னு அவங்களே சொல்லிடுவாங்க, பெரும்பாலும் முதல்ல இருந்து இருக்காது.