தீவு மண்ணின் உமிழ்வை ஹெக்டேரால் பெருக்கிவிடலாமா?

கேள்வி: சிறிய தீவு ஆட்சிப்பகுதி ஒன்றின் வேளாண் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் விளைநிலங்களிலிருந்து வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களின் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். இங்கே களத்தில் யாரும் அளந்ததில்லை. எங்களை நிர்வகிக்கும் நாட்டின் ஹெக்டேர் சராசரியை எங்கள் பரப்பால் பெருக்கிக் கொடுத்துவிடலாமா? மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி வாங்கலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு மிச்சமாகும். மண் விடுகிற கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விடுவது. செடி காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பிப் போகிறது. அதை உமிழ்வாக எழுதக் கூடாது. மண்ணில் சேர்ந்திருக்கும் கரிமம் (கார்பன்) ஆண்டுக்காண்டு குறைகிறதா, கூடுகிறதா என்ற வேறுபாடு மட்டுமே கணக்கில் வரும். அந்தக் கருவி காட்டுவது அந்த வேறுபாட்டை அல்ல.

விளைநில மண்ணில் நீங்கள் துரத்த வேண்டிய வாயு நைட்ரஸ் ஆக்சைடு. பயிர் எடுக்காமல் விட்ட தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் உருமாற்றும்போது அது கசிகிறது. மழை பெய்து மண்ணின் துளைகளில் பாதிக்கு மேல் நீர் நிரம்பி, காற்று குறையும்போது திடீரென்று எகிறும். சில நாளில் அடங்கிவிடும். ஆகவே ஹெக்டேரை எண்ணாதீர்கள், தழைச்சத்தை எண்ணுங்கள். பெரிய நாட்டின் சராசரிக்குள் அங்குள்ள கோதுமையும் மேய்ச்சலும் மழையும் கலந்திருக்கின்றன. உங்கள் தீவில் நாலு பண்ணை உரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அந்தச் சராசரிக்குத் தெரியாது.

இந்த விஷயத்தில் தீவுக்காரருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. செயற்கை உரம் முழுக்கத் துறைமுகம் வழியாகத்தான் வருகிறது. கண்டத்து நாடுகள் விற்பனைப் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டும்போது, உங்களுக்குச் சுங்கப் பதிவேடே போதும். இரண்டு திருத்தம் மட்டும் செய்யுங்கள்: கிடங்கில் அடுத்த ஆண்டுக்குத் தங்கிய சரக்கைக் கழியுங்கள், விளையாட்டு மைதானப் புல்வெளிக்கும் விடுதித் தோட்டத்துக்கும் போனதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

இனி கணக்கு. ஒரு டன் யூரியாவில் 460 கிலோ தழைச்சத்து இருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. வல்லுநர் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டிப்படி அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. தழைச்சத்தின் எடையை வாயுவின் எடையாக மாற்ற, 4.6 கிலோவை 44/28-ஆல் பெருக்கினால் 7.2 கிலோ வாயு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடாக்கும் என்பதே வெப்பமாக்கல் மதிப்பு. பாரிஸ் ஒப்பந்த அறிக்கைகளில் பயன்படுத்தும் 265 என்ற மதிப்பால் பெருக்கினால், கார்பன் டை ஆக்சைடு சமானமாகச் சுமார் 1.9 டன்.

2019-இல் அதே குழு வழிகாட்டியைச் செம்மைப்படுத்தியது. ஈரமான காலநிலையில் செயற்கை உரத்துக்கு 1.6 சதவீதம், வறண்ட காலநிலையில் 0.5 சதவீதம். அதே ஒரு டன் யூரியா இப்போது ஈரப் பகுதியில் 3.1 டன், வறண்ட பகுதியில் 1 டன்னுக்குச் சற்றுக் குறைவு. மூன்று மடங்கு வித்தியாசம்! வெப்பமண்டலத்தில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஈரம் என்று கொள்கிறார்கள். நடுவில் மலை நிற்கும் தீவானால் காற்று முட்டும் பக்கம் நனைந்தும் மறைவுப் பக்கம் காய்ந்தும் கிடக்கும். எந்தப் பக்கத்துக்கு எத்தனை டன் உரம் போனது என்று பண்ணைக்காரர்களைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் நேரத்தில் பாதியை இந்த ஒரு வேலைக்கே கொடுக்கலாம்.

மழையில் கரைந்து ஓடும் தழைச்சத்தை மறக்காதீர்கள். ஓடையின் நீளம் குறைவு, நீர் நேரே கடலுக்குப் போய்விடுகிறது என்று சிலர் விட்டுவிடுவார்கள். வழிகாட்டியில் அப்படி விலக்கு இல்லை. 2019 மதிப்புகளின்படி ஈரப் பகுதியில் 24 சதவீதம் கரைந்து போகும், அதில் 1.1 சதவீதம் வாயுவாகும். நம் ஒரு டன் யூரியாவுக்கு இன்னொரு அரை டன் இங்கே சேர்கிறது. யூரியா மூலக்கூறிலுள்ள கரிமத்துக்கு 0.73 டன் கார்பன் டை ஆக்சைடு தனி. ஆவியாகும் அமோனியாவையும் கணக்கில் தனியாக எழுத வேண்டும். பவளச் சுண்ணாம்பு மண்ணில் யூரியாவை மேலாகத் தூவினால் அமோனியா அதிகம் பறக்கும் என்பதால், மூடிப் புதைக்கச் சொல்லுங்கள்.

தொழு உரம், நிலத்தில் போடும் கடற்பாசி, மேயும் மாட்டின் சாணமும் மூத்திரமும் எல்லாம் வரும். இறக்குமதித் தீவனத்தின் தழைச்சத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டாம்; அது சாணக் கணக்கிலேயே இருக்கிறது. மேய்ச்சல் மாட்டுக்கு 2006-இல் 2 சதவீதமாக இருந்த காரணி, அதாவது தழைச்சத்தில் வாயுவாகும் பங்கு, 2019-இல் 0.4 சதவீதம் ஆகிவிட்டது. புதிய காரணிக்கு மாறினால் பழைய ஆண்டுகளையும் சேர்த்துத் திருத்துங்கள். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமலே உமிழ்வு சரிந்ததுபோல் வரைபடம் காட்டும். யாராவது அதற்குப் பாராட்டு விழாவும் நடத்திவிடுவார்கள்.

வடிகால் வெட்டிய கரிச்சதுப்பு நிலம், பீட் மண் என்பார்களே, அது இருக்கிறதா என்று மண் வரைபடத்தைப் பாருங்கள். 2006 மதிப்புப்படி மிதவெப்பப் பகுதியில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 8 கிலோ, வெப்பமண்டலத்தில் 16 கிலோ தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகிறது. 8 கிலோ என்பது ஒரு ஹெக்டேரில் 800 கிலோ தழைச்சத்தைக் கொட்டியதற்குச் சமம். எந்த விவசாயியும் அவ்வளவு போடமாட்டார். மேலே சொன்ன விதிக்கு விலக்கு இந்த மண் ஒன்றுதான். இங்கே மட்டும் ஹெக்டேரை எண்ணுங்கள். அந்த மண் காய்ந்து சிதைவதால் இழக்கும் கரிமத்தையும் சேர்க்க வேண்டும்.

ஜெர்சி, மான் தீவு, ஃபாக்லாந்து போன்றவற்றின் உமிழ்வு பிரிட்டனின் அறிக்கைக்குள் சேர்கிறது. உங்கள் எண்ணும் அப்படிப் பெரிய அறிக்கையில் கரைவதானால், எந்த ஆண்டு வழிகாட்டி, எந்த வெப்பமாக்கல் மதிப்பு என்பதை அவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணைவாரித் தாளை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு யார் உரத்தைக் குறைத்தார் என்பது அதில்தான் தெரியும்.