சமூகத்துறை வேலைக்கு மாறுகிறேன்: 70,000 ரூபாய் போதுமா?

கேள்வி: வயது 39. சென்னையில் ஐடி நிறுவனம் ஒன்றில் டெலிவரி மேனேஜர். இப்போதைய நிறுவனத்தில் 4 ஆண்டு 7 மாதம், மொத்த அனுபவம் 15 ஆண்டு. கைக்கு வரும் சம்பளம் 1,48,000 ரூபாய். கணவர் தனியார் கல்லூரி ஆசிரியர், 62,000. மகள் எட்டாம் வகுப்பு. வீட்டுக்கடன் பாக்கி 27 லட்சம் (8.5% வட்டி, 11 ஆண்டு, தவணை 31,500). வீட்டுச் செலவு 58,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 13,300, பெற்றோருக்கு 8,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 25,000. பி.எஃப்-ல் 21 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 14 லட்சம், வங்கி வைப்பில் 6 லட்சம் இருக்கிறது. கார்ப்பரேட் வேலையிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கு மாற விரும்புவோருக்குப் பயிற்சியும் வேலைவாய்ப்பும் தரும் ஃபெல்லோஷிப் திட்டம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர் பதவி வந்திருக்கிறது. மாதம் 70,000, ஆலோசகர் கட்டணமாக, 11 மாத ஒப்பந்தம். ஏற்கலாமா? பி.எஃப்-ஐ எடுத்து வீட்டுக்கடனை அடைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: ஏற்கலாம். ஆனால் இந்த ஒப்பந்தத்தை அப்படியே ஏற்க வேண்டாம், இந்த மாதமே ஏற்கவும் வேண்டாம்.

முதலில் உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை. குடும்ப வருமானம் 2,10,000. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 1,35,800. மாதம் 74,000 மிஞ்ச வேண்டும், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம். வைப்பில் இருப்பதோ மொத்தமே 6 லட்சம். பாக்கி எங்கே போகிறது என்று கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் 70,000 போதுமா என்று யாராலும் சொல்ல முடியாது. கடந்த 12 மாத வங்கி அறிக்கையையும் கிரெடிட் கார்டு அறிக்கையையும் எடுத்து வரிவரியாகக் குறியுங்கள். பயணம், ஆன்லைன் ஆர்டர், உறவில் கொடுத்த கைமாற்று, கார் பராமரிப்பு என்று பெரும்பாலும் நாலைந்து தலைப்புக்குள் அடங்கிவிடும். 58,000 என்பது உண்மையில் 90,000 என்று தெரியவந்தால் கீழே உள்ள கணக்கு எதுவும் செல்லாது.

58,000 சரிதான் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். ஆலோசகர் கட்டணத்தில் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், கைக்கு 63,000. 11 மாத ஒப்பந்தத்தில் பன்னிரண்டாவது மாதம் பெரும்பாலும் கட்டணமில்லா இடைவெளி. எனவே சராசரி 57,750தான். இதையே உங்கள் புதிய சம்பளமாக எழுதிக்கொள்ளுங்கள். கணவருடையதையும் சேர்த்தால் 1,19,750. செலவில் எஸ்ஐபி-ஐ 10,000 ஆக்குங்கள். இதுவரை கம்பெனி கொடுத்துவந்த காப்பீட்டுக்குப் பதிலாக நீங்களே எடுக்க வேண்டிய மருத்துவ, டேர்ம் (ஆயுள்) பாலிசிகளுக்கு மாதம் 4,500 ஒதுக்குங்கள். மொத்தம் 1,25,300. மாதம் 5,550 துண்டு விழும், ஆண்டுக்கு 66,600. ஆண்டு வருமானம் 7.7 லட்சம்தான் என்பதால், 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற விதிப்படி, பிடித்த 77,000 ரூபாயும் ரிட்டர்ன் தாக்கல் செய்தபின் திரும்பிவரும். துண்டு அடைபட்டுவிடும், ஆனால் அடுத்த ஆண்டில்தான். முதல் ஆண்டுத் துண்டை வைப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

எஸ்ஐபி-ஐக் குறைப்பதால் மூன்று ஆண்டில் 5.4 லட்சம் போடாமல் போகும். இது சிறு தொகை அல்ல. மகளின் கல்லூரிப் படிப்பு ஐந்தாண்டில் வந்துவிடும் என்பதால், இப்போதிருக்கும் 14 லட்சத்தில் அதற்கான பங்கைத் தனியே பிரித்து எழுதிவைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். சம்பளக் குறைவை நீங்கள் தாங்கிவிடுவீர்கள். அந்த 70,000 எந்தப் பணத்திலிருந்து, எவ்வளவு காலத்துக்கு வருகிறது என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் பெரும்பாலும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி), வெளிநாட்டு நன்கொடை, உள்நாட்டு அறக்கட்டளை, பங்கேற்பாளர் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. சிஎஸ்ஆர் என்பது கம்பெனியின் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2%. லாபம் சரிந்தால் அதுவும் சரியும். தொடர் திட்டம் என்று அறிவித்தாலும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுக்கு மேல் போகாது. பெரும்பாலான சிஎஸ்ஆர் ஒப்பந்தங்கள் மார்ச் 31-ல் முடிந்து, புதுப்பிப்புக் கையெழுத்து ஜூன், ஜூலை வரை இழுக்கும். அந்த இடைவெளியில் சம்பளம் தொண்டு நிறுவனத்தின் சொந்தக் கையிருப்பிலிருந்து வர வேண்டும். கையிருப்பு இல்லாத இடத்தில் "இந்த மாதம் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

வெளிநாட்டு நன்கொடையில் சிக்கல் வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் தடையானது. ஃபெல்லோக்களை (திட்டத்தின் பங்கேற்பாளர்களை) வெவ்வேறு தொண்டு நிறுவனங்களில் அமர்த்தும் திட்டத்துக்கு இது நேரடி அடி: உதவித்தொகையை அந்த நிறுவனங்கள் வழியாகக் கொடுக்க முடியாது, திட்டம் நடத்துபவரே தன் கணக்கிலிருந்து செலவிட வேண்டும். இதையெல்லாம் தாண்டி இன்னொன்று: குழந்தைகளுக்குச் சாப்பாடு போட நன்கொடை கேட்டால் கொடுப்பவர்கள், ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்குக் கேட்டால் யோசிப்பார்கள். பட்ஜெட்டில் கத்தி விழும்போது முதலில் வெட்டுப்படுவது உங்கள் வகைப் பதவிதான்.

ஆகவே நேர்காணலின் கடைசிச் சுற்றில் தயங்காமல் கேளுங்கள். என் பதவிக்கான பணத்தை யார் தருகிறார், அந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? பட்ஜெட்டில் என் பதவி திட்டச் செலவா, நிர்வாகச் செலவா? கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையைப் பார்க்கலாமா? அறிக்கையில் இரண்டு எண்கள் போதும். ஓராண்டு மொத்தச் செலவு ஒன்று, குறிப்பிட்ட திட்டத்துக்கு என்று கட்டப்படாத கையிருப்பு மற்றொன்று. கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக்கூடக் காணாது என்றாலோ, ஒரே நன்கொடையாளர் பாதிக்கு மேல் தருகிறார் என்றாலோ, இந்த வேலையை ஓராண்டு வேலை என்று மட்டும் கருதித் திட்டமிடுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கும் நிறுவனம் என்றால் அதுவும் ஒரு பதில்தான். நன்கொடையாளரிடம் தினமும் இதே கேள்விகளைச் சந்திக்கிறவர்கள் அவர்கள்.

ஆலோசகர் என்பதற்குப் பதில் ஊழியர் என்று போடக் கேளுங்கள். வரிக்காக அல்ல, உங்கள் வருமானத்துக்கு இரண்டிலும் வரி பூஜ்யம்தான். பி.எஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), நோட்டீஸ் காலம், 12 மாதச் சம்பளம், வங்கியில் சம்பளக்காரர் என்ற அடையாளம் இவற்றுக்காக. 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பி.எஃப் கட்டாயமில்லை. இருக்கும் இடத்திலும் பலர் 15,000 ரூபாய்க்கு மட்டும் 12% கணக்கிட்டு 1,800 கட்டுவார்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 70,000 என்றால் இப்போது இரு தரப்பிலும் தலா 8,400 போகிறது. அந்த வித்தியாசத்தையும் சம்பளக் குறைவோடு சேர்த்து எண்ணுங்கள். ஊழியராக்க மறுத்தால், ஒப்பந்தத்தை 12 மாதமாகவும் முன்னறிவிப்பை இரு தரப்புக்கும் 60 நாளாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள். இது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிளம்பும் தேதி. இப்போதைய அடிப்படைச் சம்பளம் 70,000 என்று வைத்தால் ஐந்தாண்டுக் கிராஜுவிட்டி 70,000 × 15 ÷ 26 × 5, அதாவது 2,01,923 ரூபாய், வரியில்லை. 90 நாள் நோட்டீஸ் என்றால் 4 ஆண்டு 10 மாதத்தில் வெளியே வருவீர்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணியாற்றினால் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும் பல மனிதவளத் துறைகள் முழு ஐந்தாண்டு கேட்கும். இரண்டு லட்சத்துக்காக வழக்காடுவதைவிட, புதிய இடத்தில் இரண்டு மாதம் தள்ளிச் சேர அனுமதி வாங்குவது சுலபம். மாறும் ஆண்டில் மட்டும் ஐடி சம்பளமும் இதுவும் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டக்கூடும். தாண்டினால் வரி உண்டு, அதற்கும் சிறிது எடுத்துவையுங்கள்.

ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் காப்பீட்டை முடியுங்கள். டேர்ம் பாலிசித் தொகையை உங்கள் வருமானத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். இன்றைய சம்பளச் சீட்டுக்குக் கிடைக்கும் தொகை நாளைய 70,000-க்குக் கிடைக்காது. புதிய மருத்துவ பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை. கம்பெனியின் குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்றும் விசாரியுங்கள். முடிந்தால் காத்திருப்பு நாட்கள் மிச்சம். குறைந்தது 10 லட்சத்துக்கு எடுங்கள். தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை.

பி.எஃப்-ஐத் தொடாதீர்கள். 8.5% கடனை அடைக்க 8.25% (2024-25) வட்டி தரும் பணத்தை எடுத்து நீங்கள் மிச்சப்படுத்துவது கால் சதவீதம். 21 லட்சம் போட்டாலும் கடன் முழுதாகத் தீராது, 6 லட்சம் நிற்கும், ஆபத்துக்குக் கையில் பணமும் இருக்காது. வேலையை விட்டபின் சேரும் பி.எஃப் வட்டிக்கு வரி உண்டு என்று பலர் பயமுறுத்துவார்கள். உண்மைதான். உங்களுக்கு அந்த வட்டி ஆண்டுக்கு 1.73 லட்சம், 7.7 லட்சத்தோடு சேர்த்தாலும் ஒன்பதரை லட்சத்துக்குள் அடங்கும், வரி வராது. பழைய நிறுவனங்களின் கணக்குகள் எல்லாம் ஒரே யுஏஎன்-ல் (பி.எஃப் உறுப்பினர் எண்) சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள். பத்தாண்டு தாண்டிய சேவை என்பதால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. பழைய சேவை பதிவாகாமல் விட்டால் அது குறைந்துபோகும்.

வைப்பில் உள்ள 6 லட்சம் உங்கள் பாலம். எஸ்ஐபி நீங்கலாக அவசியச் செலவு 1,15,300. உங்கள் வருமானம் நின்று கணவருடையது மட்டும் வந்தால் மாதம் 53,300 குறையும். ஒன்பது மாதத்துக்கு 4.8 லட்சம். முதலாண்டுத் துண்டையும் கழித்தால் 6 லட்சத்தில் மிஞ்சுவது அரை லட்சம். தனியார் கல்லூரிகளிலும் சம்பளம் தாமதமாவது புதிதல்ல என்பதால் கிராஜுவிட்டித் தொகையையும் இங்கேயே சேருங்கள், கடனுக்குத் திருப்ப வேண்டாம்.

வேலையில் சேர்ந்த பிறகு இதே கேள்விகளோடு பங்கேற்பாளர்கள் உங்களிடம் வருவார்கள். எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா போல 13 மாதத் திட்டமோ, டீச் ஃபார் இந்தியா போல இரண்டாண்டுத் திட்டமோ எதுவானாலும், உதவித்தொகை தாமதமானால் முதல் போன் ஒருங்கிணைப்பாளருக்குத்தான் வரும். ஒரு அணியைத் தொடங்கும் முன், அந்த அணிக்கான உதவித்தொகையில் குறைந்தது ஆறு மாதத் தொகை வங்கிக் கணக்கில் வந்துசேர்ந்திருக்கிறதா என்று நிதிப் பிரிவிடம் மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். விண்ணப்பதாரர்களிடம் வீட்டுத் தவணையையும், வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறதா என்பதையும் முதல் உரையாடலிலேயே கேளுங்கள். நாலாவது மாதத்தில் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் பலரும் இந்தக் கணக்கைப் போடாமல் வந்தவர்கள். பயிற்சி முடித்தவர்களில் இரண்டாண்டுக்குப் பிறகும் எத்தனை பேர் இத்துறையில் இருக்கிறார்கள், என்ன சம்பளத்தில் என்ற பதிவு உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்பதை, சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.